இடது காது

வேனின் பின் சீட்டுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தாள் அவள். தடித்த ஊசி, தடித்த நூல். ஒரு ஓரம் முடிவதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும். ஷெட்டின் மறுபக்கம், அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழிக்கு மேல் நின்ற சாம்பல் நிறக் காரின் முன்மூடியைத் தூக்கிவைத்துவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார் அவள் கணவர். அவர் அப்படி நிற்கும்போது தையல் மெஷின் ஓடக் கூடாது. கல்யாணமாகி இந்த ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்து இருக்கிற சட்டம். அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்தபடி காத்திருந்தாள்.

லாரிக்காரர்கள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டெதாஸ்கோப் மாதிரி வைத்துக் கேட்கிறாரே என்று யாரோ கேலிக்கு ஆரம்பித்தது, கடைசியில் அதுவே பெயராக நின்றுவிட்டது. அவள் சீட்டக்கா. "டாக்டர் பொண்டாட்டின்னா நர்ஸுன்னுதானே கூப்பிடணும், என்னை மட்டும் ஏன் சீட்டாக்கிட்டாங்க" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கும்.

டாக்டர் கண்ணைத் திறந்தார். "இன்ஜின்ல ஒன்னும் இல்லை. சுத்தமா இருக்கு. பிரேக்தான் ஒரு பக்கமா இழுக்குது. ரோட்டுல விட்டு ரெண்டு அழுத்து அழுத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

"எடுத்து வை. இதோ வந்துட்டேன்."

கார் ஷெட்டை விட்டு இறங்கிச் சாலையில் திரும்பியது. அவள் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். வேன் சீட்டின் இரண்டு ஓரமும் முடிந்தன. காரின் சொந்தக்காரர் வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அரை மணி நேரம் நின்றார். போன் போட்டால் மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்று மணிக்குத் திருப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர் ஓடிவந்தார். ஐம்பது வயதுக்காரர். ஓடி அவள் பார்த்ததில்லை.

"தங்கச்சி, டாக்டரைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"போலீஸ். என் கடைக்கு எதிர்க்கவேதான். டாக்டரு சடன் பிரேக் போட்டாரு. திரும்ப ஒரு தடவை போட்டாரு. பின்னாடி இவங்க வண்டி வந்துக்கிட்டிருந்திருக்கு, ரெண்டாவது தடவை முட்டாத குறைதான். அந்த ஆபீசர் இறங்கி வந்து, 'என்னை வெச்சு வேடிக்கை காட்டறியா'ங்கறான். 'பிரேக் பாக்கறேன் சார், மெக்கானிக்கு சார்'ங்கறாரு இவரு. அவன் கேட்டாத்தானே? கையா அது, பலகை. இந்தப் பக்கம்" என்று பஞ்சர் அண்ணன் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒன்னு, ரெண்டு. மூணாவதுக்கு டாக்டரு தானாவே தரையில உக்காந்துட்டாரு."

காரின் சொந்தக்காரர் முதலில், "என் கார் எங்கே?" என்றுதான் கேட்டார். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. வண்டியின் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவளோடு போலீஸ் நிலையத்துக்கு வந்தார். அந்த மட்டுக்கு நல்ல மனிதர்.

நிலையத்தில் சுவரோரம் ஒரு பெஞ்சு. எதிரே மேசைக்காரர். அவர் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்காமலே, "விசாரிச்சுக்கிட்டிருக்காங்க" என்றார். எதை விசாரிக்கிறார்கள் என்று கேட்டதற்கும் அதேதான் பதில். கார் தன்னுடையதுதான், திருட்டு வண்டி இல்லை என்று சொந்தக்காரர் காகிதத்தைக் காட்டினார். மேசைக்காரர் அதை வாங்கி, வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஆறு மணிக்கு உள்கதவு திறந்தது. டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். காதிலிருந்து கழுத்து வழியாக ஒரு ரத்தக் கோடு இறங்கிச் சட்டைக் காலரில் காய்ந்துபோயிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"என்ன?" என்றார் அவர், அந்த அறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்க. "ஏன் முணுமுணுக்கறே? சத்தமாப் பேசு."

அவள் சத்தமாகத்தான் பேசியிருந்தாள்.

நடைபாதை விளிம்பில் கால் தடுக்கி விழுந்துவிட்டதாக எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவரை விட்டிருந்தார்கள். படிக்கிற கண்ணாடி வீட்டில் இருந்ததால் என்ன எழுதியிருந்தது என்று அவரால் படிக்க முடியவில்லை. படிக்காமலே கையெழுத்துப் போட்டதை வீடு வந்த பிறகுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். உள்ளே நரம்புக்கும் அடி. எப்படி ஆனது என்ற கட்டத்தில் அந்த இளம் டாக்டர், 'கீழே விழுந்ததில்' என்று எழுதப்போனார். அவள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"விழலைங்க. அடிச்சது. பாத்தவங்க இருக்காங்க."

"போலீஸ் பேப்பர்ல அப்படித்தானேம்மா இருக்கு?"

"நீங்க காதைப் பாத்து எழுதுங்க, பேப்பரைப் பாத்து எழுதாதீங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, 'அறைந்ததால் ஏற்பட்டது என்று நோயாளி சொல்கிறார்' என்று எழுதினார். அவ்வளவுதான் கிடைத்தது. அதையே அவள் நான்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

புகார்ப் படிவத்தில் அதிகாரியின் பெயருக்கு ஒரு கட்டம், மார்பு எண்ணுக்கு ஒரு கட்டம். பெயர் தெரியாது. எண்ணை மட்டும் டாக்டர் யோசிக்காமல் சொன்னார். "நாப்பத்தேழு பதினொண்ணு." எத்தனையோ வருஷத்து லாரி நம்பர்களெல்லாம் அவர் தலையில் இருந்தன. தரையில் உட்கார்ந்திருந்தவர் மேல் அதிகாரி குனிந்தபோது நேர் எதிரே தெரிந்த இதுவும் அவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

புகார் அலுவலகம் நல்ல அலுவலகம். குடிக்கத் தண்ணீர் இருந்தது, உட்கார நாற்காலி இருந்தது, 'உங்கள் குரலைக் கேட்கவே இருக்கிறோம்' என்று சுவரில் எழுதியிருந்தது. "எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது, இவங்களுக்காவது கேக்குதே" என்றார் டாக்டர். அப்போதெல்லாம் அவரால் அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

ஏழு மாதம் கழித்து விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதிகாரியின் சட்டையில் மாட்டியிருந்த கேமரா அன்று மதியம் பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது என்று ஒரு கடிதம் வந்திருந்தது. அதிகாரி வரவில்லை, அவருக்காக ஒருவர் வந்திருந்தார். பிறகு பஞ்சர் அண்ணனைக் கூப்பிட்டார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"நான் டியூபைத் தண்ணியில அமுக்கிக்கிட்டிருந்தேங்க. எங்கேருந்து குமிழி வருதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரோட்டைப் பாக்கலை."

"நீங்கள் முன்பு எழுதிக் கொடுத்ததில் பார்த்ததாக இருக்கிறதே?"

"குமிழியைத்தாங்க பாத்தேன்" என்றார் அவர்.

விசாரணைக்கு முந்தைய வாரம் முழுக்க அவர் கடைக்குத் தினம் ஒரு போலீஸ்காரர் வந்து போனது அவளுக்குத் தெரியும். நடைபாதையில் தொட்டி வைத்திருக்கிறாய் என்று ஒரு நாள், லைசென்ஸ் எங்கே என்று ஒரு நாள், காற்றடிக்கிற மெஷின் சத்தம் போடுகிறது என்று ஒரு நாள். விசாரணை நடந்த அன்று சாயங்காலம் அவராகவே ஷெட் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, நாலு வார்த்தை திட்டிடு. நான் போயிடறேன்" என்றார். "உள்ள வாங்கண்ணே" என்றாள். அவர் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

'போதிய ஆதாரம் இல்லாததால் புகார் முடித்து வைக்கப்படுகிறது' என்று கடிதம் வந்தது.

இதற்கிடையே ஷெட்டில் வண்டிகள் குறைந்தன. வலது காது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு காதால் சத்தம் கேட்கிறதே தவிர, அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. டாக்டர் ஒரு லாரியின் கியர்பாக்ஸை மொத்தமாகக் கழற்றிப் பரப்பிவிட்டார். பார்த்தால் சத்தம் பின் சக்கர பேரிங்கிலிருந்து. லாரிக்காரர் அடுத்த தடவை வரவில்லை. அதன் பிறகு டாக்டர் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"இங்க வா. குனிஞ்சு கேளு. எப்படி இருக்கு?"

அவள் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொள்வாள். "தகரத்துல மணலைக் கொட்டற மாதிரி."

"விட்டு விட்டா, தொடர்ந்தா?"

"தொடர்ந்து. நடுவுல யாரோ நாக்கைச் சொடுக்கற மாதிரியும் இருக்கு."

"சொடுக்கற சத்தம் முன்னாடியா, மணல் முன்னாடியா?"

அவளுக்குச் சொல்லத் தெரியாது. மறுபடி குனிவாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்ஜின் அவள் முகத்தில்தான் ஓடுகிற மாதிரி. சில நாள் சரியாக வந்துவிடும். அன்றைக்கு அவர் இரண்டு மடங்கு சாப்பிடுவார். வராத நாட்களில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் டிவியை வைத்ததும், "ஏன் சத்தத்தைக் குறைக்கறே?" என்று ஒரு சண்டை, "ஏன்பா ஊருக்கே கேக்கற மாதிரி வைக்கறே?" என்று எதிர்ச்சண்டை. அவள் இருவருக்கும் நடுவில் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு நிற்பாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் வலது பக்கம் நகர்ந்து உட்கார ஆரம்பித்தது எப்போதிருந்து என்று யாருக்கும் நினைவில்லை.

வக்கீலம்மாவைக் காட்டிவிட்டவர் அந்தச் சாம்பல் நிறக் காரின் சொந்தக்காரர்தான். வக்கீலம்மா கட்டையான உருவம், எந்நேரமும் ஓட்டமும் நடையுமாக இருக்கிறவர். புகார் முடிந்தால் முடியட்டும், அரசாங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போடலாம், நஷ்டஈடு கேட்கலாம் என்றார். வழக்கென்றால் புதிதாகக் காதைச் சோதிக்க வேண்டும்.

சோதனை அறை ஒரு கண்ணாடிக் கூண்டு. டாக்டரை உள்ளே உட்காரவைத்து, காதுகளை மூடிக் கருவி மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே மெஷினருகில் ஒரு பெண் உட்கார்ந்து ஒவ்வொரு விசையாகத் தட்டினாள். சீட்டக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். டாக்டர் டக் டக்கென்று அழுத்திக்கொண்டே போனார். மெஷின் பெண்ணுக்கு ஆச்சரியம். "இடது பக்கம் நல்லாத்தானே கேக்குது?" என்றாள்.

சீட்டக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கண், மெஷின் பெண்ணின் தோள் மேல் இருந்தது. விசையைத் தட்டும்போது தோள் கொஞ்சம் அசைந்தது. அசையும்போதெல்லாம் அவர் அழுத்தினார்.

சொல்லாமல் விட்டால் வழக்கு போய்விடும். சொன்னால் அவர் முகம் என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மெஷின் பெண்ணிடம், "அவரைத் திருப்பி உக்கார வைங்க. சுவத்தைப் பாத்த மாதிரி" என்றாள்.

நாற்காலியைத் திருப்பினார்கள். மெஷின் பெண் விசைகளைத் தட்டினாள். டாக்டரின் முதுகு மட்டும் தெரிந்தது. பொத்தானின் மேல் கட்டைவிரல் தயாராக இருந்தது. கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் வரும்போது அவர், "ஏன் சொன்னே?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவரே, "சரி விடு" என்றார்.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. அரசாங்க வக்கீல் வராத நாள், நீதிபதி வராத நாள், கோப்பு வராத நாள். ஷெட் வாடகை நான்கு மாதம் நின்றுபோனது. காதுக்கு ஆபரேஷன் செய்தால் கொஞ்சமாவது மீட்கலாம், தள்ளிப்போட்டால் அதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் வக்கீலம்மா கூப்பிட்டனுப்பினார்.

"சமரசத்துக்கு வராங்க" என்று ஒரு தாளைத் திருப்பி வைத்தார். அடியில் எழுதியிருந்த தொகையைப் பார்த்ததும் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வாடகை தீரும். ஆபரேஷன் தீரும். அதற்கு மேலும் இருந்தது.

டாக்டர் வலது காதை முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். "அந்த ஆளு ஒத்துக்கிட்டானா?"

"இல்லை. யாரும் எந்தத் தப்பையும் ஒத்துக்கலைன்னு முதல் வரியிலேயே இருக்கு. அப்படித்தான் எழுதுவாங்க."

"அவன் எவ்வளவு குடுக்கறான்?"

"அவர் கையிலேருந்து ஒன்னும் போகாது. அரசாங்கம்தான் குடுக்குது."

"அரசாங்கம்னா? நாம கட்டற வரியா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா."

"அப்ப நானும் சேந்துதான் எனக்கு நஷ்டஈடு குடுத்துக்கறேன்" என்றார் டாக்டர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"இன்னொன்னு இருக்கு" என்று வக்கீலம்மா ஏழாவது பத்தியை விரலால் தொட்டார். "அன்னைக்கு நடந்ததைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் இனிமே யார்கிட்டேயும் பேசக் கூடாது. வாயாலயோ எழுத்தாலயோ சைகையாலயோ. இப்படி ஒரு சமரசம் நடந்ததுன்னுகூடச் சொல்லக் கூடாது. சொன்னா பணத்தைத் திருப்பிக் கட்டணும், அதுக்கு மேல வட்டியும்."

"யாராவது காது என்னாச்சுன்னு கேட்டா?"

"கேக்கலைன்னு சொல்லுங்க. ஏன் கேக்கலைன்னு சொல்லாதீங்க."

டாக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "அவன் வந்து, 'தெரியாம அடிச்சிட்டேன்யா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் மேடம். பணம்கூடக் கம்மியாக் குடுக்கட்டும்."

"அதை நான் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்." வக்கீலம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "பணத்தைக் கூட்டறேன்னாங்க."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் கையெழுத்துப் போடவில்லை. போடச் சொன்னது அவள்தான். முதல் நாள் மெதுவாகச் சொன்னாள். மூன்றாம் நாள் ஷெட் சொந்தக்காரர் வந்து, பெரிய பூட்டைக் காட்டிவிட்டுப் போன பிறகு, அவள் கத்தினாள்.

"அவன் மன்னிப்புக் கேட்டா காது வந்துடுமா? ஆபரேஷன் பண்ணிக்கிட்டாவது ஏதோ கொஞ்சம் வரும். யாருக்காக முறுக்கிக்கிட்டு நிக்கறீங்க? நான் எத்தனை நாளைக்கு உங்க காதா இருக்கறது?"

கடைசி வாக்கியம் அவள் நினைத்து வந்ததில்லை. வந்துவிட்டது. டாக்டர் எழுந்து பேனாவைத் தேடினார்.

ஆபரேஷன் நடந்தது. கதவு தட்டினால் தெரிகிற அளவுக்கு ஏதோ வந்தது. அதற்கு மேல் காதில் மாட்டுகிற ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் அது சரிப்பட்டது. ஷெட்டில் போட்டுக்கொண்டால் இன்ஜினும் சுத்தியலும் தெருவில் போகிற ஹாரனும் எல்லாம் ஒரே உயரத்தில் வந்து மண்டையில் அடித்தன. அவர் அதைக் கழற்றி ஸ்பேனர் அலமாரியில் வைத்துவிடுவார். வாடகை கட்டியாகிவிட்டது. டாக்டர் இப்போது பெரும்பாலும் ஆயில் மாற்றுகிற வேலை, டயர் கழற்றுகிற வேலை, கேட்கத் தேவையில்லாத வேலைகள் செய்தார். ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சீட்டுக்காக வந்தார்கள்.

சமரசம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு முற்பகல் அவள் ஒரு காரின் முதுகுச் சாய்வுக்குப் பஞ்சை அளந்து வெட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் வயதுதான் இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. மார்போடு ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தாள். உள்ளே எக்ஸ்ரே படம் ஒன்று வளைந்து தெரிந்தது.

"மெக்கானிக்கு வீடு இதுதானா? டாக்டருன்னு கூப்பிடுவாங்களாமே?"

"ஆமா. வண்டியா?"

"வண்டி இல்லைங்க." வந்தவள் உள்ளே ஓரடி வைத்தாள். "என் பொண்ணு ஸ்கூட்டர்ல பார்சல் கொண்டுபோற வேலை பாக்குது. போன மாசம் ஒருவழிப் பாதையில திரும்பிடுச்சுன்னு ஒரு போலீஸ்காரர் நிறுத்தினாரு. அவசரமுன்னு ஏதோ சொல்லியிருக்கு. கையைப் பின்னாடி முறுக்கி வண்டி மேலே அமுக்கியிருக்காரு. இங்க எலும்பு உடைஞ்சுபோச்சு." கழுத்துக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "தானா ஸ்கூட்டர்லேருந்து விழுந்துச்சுன்னு எழுதி வாங்கிட்டாங்க."

டாக்டர் குழியிலிருந்து மேலே ஏறி வந்து, கைத்துணியால் விரல்களைத் துடைத்தபடி நின்றார்.

"நீங்கதானா? உங்களையும் ஒருத்தர் அடிச்சு நீங்க புகார் குடுத்தீங்களாமே. மார்புல நாப்பத்தேழு பதினொண்ணு. அதே ஆள்தாங்க. இப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்தியிருக்காங்க, இன்னும் பெரிய ஆபீசரா. எங்க வக்கீல் என்ன சொல்றாருன்னா, முன்னாடியும் இதே மாதிரி பண்ணியிருக்கான்னு ஒரே ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்ங்கறாரு. ஒரே ஒருத்தர்."

துணி டாக்டரின் கையில் நின்றுவிட்டது. அவர் வாயைத் திறந்தார். அந்த வாய் திறக்கிற விதம் அவளுக்குத் தெரியும்.

"எங்களுக்கு ஒன்னும் தெரியாதும்மா" என்றாள் அவள், அவரை முந்திக்கொண்டு. "நீங்க வேற யாரையோ தேடி வந்திருக்கீங்க."

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் பஞ்சை வெட்டுகிற கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தவளிடம், "பொண்ணுக்கு எந்தக் கை?" என்று கேட்டார்.

"இடது."

"அசைக்க முடியுதா?"

"விரலை அசைக்குது. தூக்க வரலை."

அவர் தலையை ஆட்டினார். பிறகு குழாயடிக்குப் போய் கைகளுக்குச் சோப்புத் தூளைப் போட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கரியும் கிரீஸும் எப்போதோ போயிருக்கும்.

வந்தவளுக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள். பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லத் தொடங்கி, சொல்வதைவிடக் கூடவே போவது மேல் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். இருவரும் தெருவின் நிழல் பக்கமாக நடந்தார்கள். வந்தவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொண்ணு இப்ப வீட்டுலதான் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"இருக்குது. ஒரு கையால தலை பின்னிக்கப் பாக்குது. நான் பின்னி விடறேன்னா வேணாம்ங்குது." வந்தவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவருக்கு ஒரு பக்கம் கேக்கலை, இல்லையாக்கா? நான் பேசும்போது இந்தப் பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்டாரு."

"ஆமா."

"எதனால?"

எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. அது கடக்கும்வரை பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது.

"பிறவியிலேருந்தே அப்படித்தான்" என்றாள் அவள்.

வந்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டது போலத் தலையசைத்தாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி போன மூணாவது வீட்டம்மா மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொன்னாங்க. நாலாவது வீட்டுல ஒருத்தரு, பல்லு வயசாகி விழுந்துச்சுன்னாரு. நாப்பது வயசுகூட இருக்காது அவருக்கு. கதவைச் சாத்தறப்ப அழுதுட்டாரு."

நிறுத்தத்தில் யாருமில்லை. பஸ் தூரத்தில் வளைவில் திரும்புவது தெரிந்தது. வந்தவள் பையிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்தாள். புகார் அலுவலகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா, நான் கொடுத்தேன் என்று சொல்லிவிடாதே என்று அவசரத்தில் கிறுக்கிக் கொடுத்தது. ஐந்து முகவரிகள். நான்கின் மேல் கோடு கிழித்திருந்தது. ஐந்தாவதில் அவர்கள் தெரு, அவர்கள் ஷெட், அடைப்புக்குள் டாக்டர் என்ற பெயர்.

வந்தவள் பேனாவை எடுத்துத் தாளைக் காற்றில் பிடித்து எழுதப் பார்த்தாள். மெல்லிய தாள் மடங்கிக்கொண்டது. முழங்காலில் வைத்துப் பார்த்தாள். பை சரிந்தது, எக்ஸ்ரே வெளியே வழுக்கியது. பஸ் நெருங்கிவிட்டது.

அவள் தன் கையை நீட்டினாள். ரெக்சின் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன உள்ளங்கையைத் தாளுக்கு அடியில் விரித்துக் கொடுத்தாள். வந்தவள் அதன் மேல் தாளை வைத்து, கசங்காமல் நீவிவிட்டு, ஐந்தாவது வரியின் குறுக்கே நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். பேனாவின் முனை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போவதை அவள் கை உணர்ந்தது.